மாடி பஸ் கேட்பதா, அடிக்கடி பஸ் கேட்பதா, ஹைபிரிட் கேட்பதா? (லண்டன்)

நித்திலம்

லண்டனில் பஸ் ஓட்டுகிறவர்கள், இல்லை இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் போடுங்கள். மாதக் கடைசிக்குள் ஒரு மனு எழுதி முடிக்க வேண்டும்.

கிழக்கு லண்டனில் இருக்கிறோம். எங்கள் தெரு வழியாக ஒரே ஒரு ரூட்தான், எண் வேண்டாமே. மாடி இல்லாத பஸ், 8 நிமிடத்துக்கு ஒன்று. ஏழே முக்கால் தாண்டி ஸ்கூல் பிள்ளைகள் ஏற ஆரம்பித்தால் எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போது இடமே இருக்காது. போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. நான், என் மகள், பக்கத்தில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு வயதான அம்மா. முதல் பஸ் நிற்காமலே போனது. அடுத்தது நின்றது, கதவு திறந்தது, திறந்ததும் ஒரு பையனின் புத்தகப்பை பாதி வெளியே வந்து தொங்கியது, டிரைவர் பாவம் கையை மட்டும் அசைத்தார். மூன்றாவதில் மகளை மட்டும் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருந்ததாம்.

தெருவில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதித் தரலாம் என்று முடிவு. ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் சண்டை. பாதிப் பேர் மாடி பஸ் வேண்டும் என்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர், நடு லண்டனில் எல்லாம் ஹைபிரிட் (டீசலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் பஸ்) ஓடும்போது நமக்கு மட்டும் ஏன் பழைய டீசல், அதைக் கேளுங்கள் என்கிறார். மாடி பஸ் கொடுத்தால் 12 நிமிடத்துக்கு ஒன்றாக்கிவிடுவார்களே என்று எனக்கு ஒரு பயம். எந்த ரூட்டுக்கு எந்த பஸ் என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்?

இரவுச்சாரதி

தங்கச்சி, இந்த ஊரில் 20 வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டுகிறேன், இரண்டு வகையும் ஓட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ரூட் முழுக்க ஒரு தடவை நடந்தோ பஸ்ஸிலோ போய், ரயில் பாலம் ஏதாவது குறுக்கே வருகிறதா, வந்தால் அதில் என்ன உயரம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரட்டைத் தட்டு பஸ் 4.4 மீட்டருக்குப் பக்கம் வரும். பாலம் அதைவிடத் தாழ்வாக இருந்தால் மனுவில் அந்த வரிக்கே வேலை இல்லை. பாலம் இல்லாவிட்டாலும் மரக்கிளை இருக்கும், அதைக் கவுன்சில் வெட்டித் தர வேண்டும், முன் மேல் கண்ணாடியில் கிளை அடிக்கிற சத்தம் கேட்டால் மேலே முன் சீட்டில் இருக்கிற பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

அடுத்தது, இரட்டைத் தட்டு வந்தால் இரண்டு மடங்கு ஆட்கள் ஏறலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேல் தட்டில் யாரும் நிற்கக் கூடாது, இருந்துதான் போக வேண்டும். எனக்கு முன்னால் உள்ள சின்னத் திரையில் மேல் தட்டு தெரியும். மேலே பத்துப் பன்னிரண்டு சீட் காலியாக இருக்கும், கீழே படிக்கட்டு அடியில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் நிற்பார்கள். மூன்று தரிப்பு தாண்டி இறங்கப் போகிறவர் மேலே ஏறமாட்டார். நீங்கள் சொன்ன அந்த அம்மாவும் ஏறமாட்டார், பிள்ளை வண்டி தள்ளுகிறவரும் ஏற முடியாது. அவர்களுக்கு உள்ள இடம் இரண்டு பஸ்ஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குறுந்தூரக் கூட்டத்துக்கு மாடி சரிப்படாது என்பதற்கு 507, 521 நல்ல உதாரணம். வாட்டர்லூவில் ரயிலால் இறங்குகிறவர்களை அள்ளிக்கொண்டு போய் பத்து நிமிடத்தில் வேலையிடத்தில் விடுகிற ரூட்டுகள். 2002-இல் நடுவில் வளைகிற நீளமான பஸ் போட்டார்கள், 2009-இல் அதை எடுத்துவிட்டு நேரான பஸ், 2016-இல் மின்சார பஸ், ஒருமுறையும் மாடி இல்லை. சீட் கொஞ்சம், நிற்க இடம் நிறைய. 521-க்கு வேறு வழியும் இல்லை, அது ஸ்ட்ராண்ட் சுரங்கப்பாதைக்குள்ளால் போனது, அதற்குள் இரட்டைத் தட்டு நுழையாது. 2023-இல் அந்த 521-ஐ நிறுத்தினார்கள்.

கராஜ் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. ஒரு கராஜில் எல்லா ரூட்டும் இரட்டைத் தட்டு, ஒன்று மட்டும் ஒற்றைத் தட்டு என்றால் அந்த ஒன்றுக்காகத் தனியாக ஸ்பேர் பஸ் வைத்திருக்க வேண்டும். அதனால் எல்லாம் ஒரே வகையாக இருப்பதைத்தான் கம்பெனிகள் விரும்பும். உங்கள் ரூட்டை மாற்றுகிறார்கள் என்றால் அது உங்களுக்காக என்று உடனே நம்பிவிட வேண்டாம்.

தாள்பென்சில்

12 நிமிடப் பயம் நியாயமான பயம். போட்டுப் பாருங்கள். இப்போது 8 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு ஏழரை பஸ். ஒரு பஸ்ஸில் 60 பேர் என்று வைத்துக்கொண்டால் 450 பேர். மாடி பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் 85 பேர் என்று வையுங்கள், 12 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 5, மொத்தம் 425. மாடி வந்தும் இடம் குறைகிறது! சராசரிக் காத்திருப்பு வேறு 4 நிமிடத்திலிருந்து 6 ஆகிறது, ஒரு பஸ் ரத்தானால் மழையில் 24 நிமிடம் நிற்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 510 பேர், அப்போதுதான் ஏதோ லாபம். ஆகவே மாடி பஸ் கேட்டால், இடைவெளி 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள், அடுத்த பத்தியில் எழுதினால் அடுத்த பத்தி காணாமல் போகும்.

ஆனால் என் கருத்தில் முழு ரூட்டையும் மாற்றக் கேட்பதே தவறு. நாள் முழுக்க எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. எந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது பஸ் மிக நிறைந்திருக்கிறது, அது எந்த அரைமணி நேரம், இந்த இரண்டும்தான் முக்கியம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காலையில் முப்பது நாற்பது நிமிடம்தான் சிக்கல், மத்தியானம் பதினோரு மணிக்கு அதே பஸ்ஸில் எட்டுப் பேர் இருப்பார்கள். அந்த நாற்பது நிமிடத்துக்காக நாள் முழுக்க ஒரு மாடியைச் சுமந்துகொண்டு திரிவானேன்? லண்டனில் 600-இல் தொடங்கும் எண்களில் ஸ்கூல் நாட்களில் மட்டும் ஓடும் ரூட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் மாடி பஸ்தான். பிள்ளைகளை அதில் ஏற்றிவிட்டால் சாதாரண பஸ் தானாகக் காலியாகும். அப்படி ஒன்றைக் கேளுங்கள்.

ஹைபிரிட் விஷயம். அது என்ன செய்கிறது என்று புரிந்தால் எங்கே போட வேண்டும் என்பதும் புரியும். பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்து, அடுத்து கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான். நின்று நின்று போகிற தெருவில் அதற்கு வேலை அதிகம், ஸ்டாப் குறைந்து வேகமாக ஓடுகிற அகலச் சாலையில் பிடிக்க ஒன்றுமே இல்லை, பேட்டரியின் எடையைச் சும்மா தூக்கிக்கொண்டு டீசலில் ஓடும். 2006-இல் 360-ஆம் ரூட்டில் ஆறு பஸ்ஸோடு சோதனை ஆரம்பித்தது, அடுத்த வருடம் 141-இல் மாடி பஸ். பிறகு 2012 பிப்ரவரியில் 38-ஆம் ரூட்டில் புது ரூட்மாஸ்டர் என்ற ஹைபிரிட் மாடி பஸ் வந்தது, 2013 ஜூனில் 24-ஆம் ரூட் முழுக்க அதுவே ஆனது, கடைசியில் மொத்தம் 1000. பெரும்பாலும் நடு லண்டனுக்குக் கொடுத்தார்கள். பார்வைக்காகக் கொடுத்தார்கள் என்று அப்போது பலரும் திட்டினார்கள், ஆனால் பஸ் ஊர்ந்து போகிற தெருக்கள் அவைதானே, ஹைபிரிட்டுக்கு அதுதான் சரியான இடம். கோடையில் ஜன்னல் திறக்க முடியாமல் மேல் தட்டில் வெந்தது வேறு கதை, பிறகு திறக்கிற ஜன்னல் பொருத்தினார்கள்.

இப்போதைய நிலைமை இது: 2021 செப்டம்பருக்குப் பிறகு லண்டன் சேவைக்குப் புதிதாக வாங்கும் பஸ் எல்லாம் புகையே விடாததாக இருக்க வேண்டும். அதனால் ஹைபிரிட் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், வேறு ரூட்டில் பல வருடம் ஓடி, அங்கே மின்சார பஸ் வந்ததும் விடுபட்டதுதான் வரும். மனுவில் ஹைபிரிட் என்ற சொல்லையே போடாதீர்கள் என்பேன்.

பிரிக்ஸ்டன்ஹில்

கடைசி வரியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. எண்ணெய்ச் செலவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், தெருவில் நிற்கிற பிள்ளை என்ன மூச்சு விடுகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். டீசல் புகையில் வரும் நைட்ரஜன் டைஆக்சைடு ஒரு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டுவது வருடத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 2017-இல் எங்கள் பிரிக்ஸ்டன் ரோட்டில் அந்த 18 மணி நேரமும் ஜனவரி 5-ஆம் தேதிக்குள் தீர்ந்துவிட்டது. ஒரு வருடத்துக்கான கணக்கு, ஐந்தே நாளில். என் மகனுக்கு அப்போது நான்கு வயது, இன்ஹேலர் இல்லாமல் நாங்கள் கடைக்குக்கூடப் போனதில்லை.

அந்த வருடம் மார்ச்சில் பட்னி ஹை ஸ்ட்ரீட்டில் முதல் சுத்தப் பஸ் மண்டலம் ஆரம்பித்தார்கள், பிறகு பிரிக்ஸ்டன்–ஸ்ட்ரீதம் பக்கமும் வந்தது. ஹைபிரிட் பஸ்களையும், யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்குப் புகைக்குழாய் மாற்றிய பஸ்களையும் வேண்டுமென்றே அந்தத் தெருக்களில் ஓடும் ரூட்டுகளுக்குக் கொடுத்தார்கள். அடுத்து வந்த வருடங்களில் அந்த மணிக்கணக்கு வெகுவாகக் குறைந்தது. ஒரு பஸ்ஸை எங்கே போடுவது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. புகை எங்கே தேங்குகிறதோ அங்கே.

ஆகவே நித்திலம், உங்கள் ரூட் நெருக்கமான கடைத்தெரு வழியாக, ஸ்கூல் வாசல் வழியாகப் போகிறதென்றால் புகையைப் பற்றியும் ஒரு வரி கண்டிப்பாக எழுதுங்கள். ஹைபிரிட் என்று வேண்டாம், சரி. அடுத்த ஒப்பந்தத்தில் மின்சார பஸ் என்று கேளுங்கள்.

தாள்பென்சில்

ஏற்றுக்கொள்கிறேன். ஸ்கூல் வாசல் என்பதை நான் யோசிக்கவில்லை. லண்டனில் எந்த ரூட்டுக்கு எந்த வகை பஸ் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படுவது, அதனால் உங்கள் ரூட்டின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று முதலில் விசாரியுங்கள். அது முடிந்து புது ஒப்பந்தம் கையெழுத்தான மறுவாரம் போய் நின்றால் பல வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆற்றுக்குத்தெற்கு

பாலம் பற்றி அண்ணா சொன்னது சுரங்கத்துக்கும் பொருந்தும். நான் வருடக்கணக்காக 108-இல் தேம்ஸைத் தாண்டி வேலைக்குப் போனவன். அது ஒற்றைத் தட்டு பஸ்தான், எவ்வளவு கூட்டம் வந்தாலும். வடக்கே போகிற பிளாக்வால் சுரங்கம் 1897-இல் திறந்தது, குதிரை வண்டிக் காலத்து வேலை, உயரமும் குறைவு, உள்ளே வளைவும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே சில்வர்டவுன் சுரங்கம் திறந்தபோது அதே ஆற்றுக்கு அடியில் எஸ்எல்4, 129 என்று இரண்டு ரூட் மாடி பஸ்ஸோடு வந்தன. முதல் வாரம் எஸ்எல்4-இல் மேல் தட்டில் முன் சீட்டில் உட்கார்ந்து சுரங்கத்துக்குள் போனேன், கூரை தலையில் இடிக்கும் என்று கையைத் தூக்கிக்கொண்டேன், பக்கத்தில் இருந்த ஒரு குழந்தையும் அதையே செய்தது. கூட்டத்தைப் பார்த்து மட்டும் பஸ் கொடுப்பதில்லை, வழி எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைத்தான் கொடுக்க முடியும்.

நித்திலம்

எல்லாருக்கும் நன்றி. இன்று மத்தியானம் ரூட் முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்கூலைத் தாண்டி, ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் பாலம் இருக்கிறது. மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்து 4.1 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. ஆறு வருடமாக அதன் கீழேதான் தினமும் போகிறேன், ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. மாடி பஸ் கேட்டவர்களிடம் போட்டோ காட்டினேன், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் அண்ணா, ஸ்கூல் பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது. காலையில் மட்டும் ஒரு மாடி பஸ்ஸை ஸ்கூல் வரைக்கும் விட்டுத் திருப்ப முடியாதா?

இரவுச்சாரதி

முடியும் தங்கச்சி, ஆனால் இரண்டு விஷயம். பாலத்துக்கு முன்னால் பஸ் முழுதாகத் திரும்ப இடம் வேண்டும், பின்னுக்கு எடுத்துத் திருப்புவதைப் பாடசாலை நேரத்தில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு ரவுண்டபவுட் இருந்தால் போதும். இரண்டாவது, அந்த மேலதிக பஸ்ஸுக்கு உங்கள் ரூட் எண்ணையே கொடுக்கக் கூடாது, 600 எண்தான் வேண்டும். ஒரே எண்ணில் சிலது ஒற்றைத் தட்டு, சிலது இரட்டைத் தட்டு என்று ஓடினால், என்றைக்காவது லீவில் இருந்து வந்த ஒருவர், நித்திரைக் கலக்கத்தில் பழகிய வழியே நேராக அந்தப் பாலத்துக்குப் போய்விடுவார். கூரை கிழிந்த பஸ்ஸை ஒருமுறை கராஜில் பார்த்திருக்கிறேன். அன்று உள்ளே ஆட்கள் இல்லை. அதை மறக்கவே முடியவில்லை.

நித்திலம்

ரவுண்டபவுட் இருக்கிறது, சூப்பர்மார்க்கெட் பக்கத்தில், லாரிகள் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மனுவில் மூன்று வரி: ஸ்கூல் நேரத்துக்கு 600 எண்ணில் ஒரு மாடி பஸ், இப்போதைய ரூட்டில் இடைவெளி 8 நிமிடத்தைத் தாண்டாமல், அடுத்த ஒப்பந்தத்தில் மின்சார பஸ். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று எதிர் வீட்டுக்காரர் விசாரிக்கிறார். வரும் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை 7.30 முதல் 8.30 வரை ஸ்டாப்பில் நின்று எத்தனை பஸ் வந்தது, எத்தனை பேரை விட்டுவிட்டுப் போனது என்று எண்ணப் போகிறேன். எனக்கு முந்தின ஸ்டாப்பிலும் ஒருவர் நின்றால்தான் எங்கே நிறைகிறது என்று தெரியும். இந்தப் பக்கம் இருக்கிறவர் யாராவது வருவீர்களா? குடையும் டீயும் நான் கொண்டு வருகிறேன்.

ஆற்றுக்குத்தெற்கு

வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதான், வருகிறேன். எந்த ஸ்டாப் என்று தனி மெசேஜில் அனுப்புங்கள்.