ஓசியா 6-ஆம் அதிகாரம் குறித்து உதவி தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரிக்கு அருகே எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், வரும் வெள்ளிக்கிழமை வேதாகமத்தின் ஓசியா தீர்க்கதரிசி புத்தகம் 6-ஆம் அதிகாரத்திலிருந்து பேசும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில், பீறினவரே குணமாக்குவார், அடித்தவரே காயம் கட்டுவார் என்று இஸ்ரவேல் மக்கள் ஒருவரையொருவர் கர்த்தரிடம் திரும்ப அழைக்கிறார்கள். ஆனால் 4-ஆம் வசனத்திலோ, அவர்களுடைய பக்தி காலை மேகத்தைப்போல ஒழிந்துபோகிறது என்று அவரே வருந்துகிறார். அப்படியானால் அந்த மனந்திரும்புதல் மேலோட்டமானதுதானா?

குடியினால் மாந்தோப்பை இழந்து, இரண்டு வருடங்களுக்குப் பிறகு வரத் தொடங்கியிருக்கும் சகோதரர் ஒருவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே அமர்ந்து கேட்டுவிட்டுப் போகிறார். எபிரெயர் நிருபம் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டி, கர்த்தர் தம் பிள்ளைகளைத் திருத்தக் கொடுக்கும் சிட்சையைப் பற்றிப் பேசினால், அவருடைய இழப்புக்கு நான் தீர்ப்பு எழுதியதாகிவிடுமோ என்று தயங்குகிறேன் (யோபுவின் துன்பத்துக்கு அவன் பாவமே காரணம் என்று சொன்ன அவன் நண்பர்கள் செய்த தவறும் அதுதானே). இப்பகுதியைப் பிரசங்கித்தவர்கள் எந்த வசனத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.