ஐ.வி.க்கும் ஈ.வி.க்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போக்கிமான் வீடியோ விளையாட்டில் வரும் ஐ.வி. (இண்டிவிஜுவல் வேல்யூ), ஈ.வி. (எஃபர்ட் வேல்யூ) என்ற இரண்டு எண்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், ஐ.வி.க்கு மாதவரம் ஐயா ‘மறைமதிப்பு’ என்ற சொல்லை முன்வைத்தபோது எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சின்னதாக இருக்கிறது, வாயில் நிற்கிறது. கொருக்குப்பேட்டையில் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளிடம் அன்று மாலையே சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஏன் என்று விளக்கவும், வேறு சொற்களைப் பரிசீலனைக்கு வைக்கவும்தான் இந்த மடல்.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பகத்தில் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறோம். எட்டாவது படிக்கும் பையன் ஒருவன், கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் போக்கிமான் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தான். அதில் வரும் பிக்காச்சு என்ற உயிரி அவனிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டும் 50ஆம் நிலை. இரண்டையும் எந்தச் சண்டைக்கும் அனுப்பியதில்லை. ஒன்றின் வேகம் 95, மற்றதன் வேகம் 110. கட்டுரையில் அவன் எழுதியிருந்த காரணம் ஒரே வரி: “ஐ.வி. வேற.” அதைப் படித்த அவன் அக்கா, “ஐ.வி.ன்னா என்னடா?” என்று கேட்டாள். அவனுக்கு விஷயம் தலைகீழ்ப் பாடம், ஆனால் தமிழில் சொல்ல வரவில்லை. கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

அவனோடு உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எந்தச் சொல் பொருந்தும் என்பதை அந்தக் கணக்கே காட்டிக் கொடுத்தது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன். பிக்காச்சு என்ற இனத்துக்கே வேகம் 90 என்று விளையாட்டில் எழுதி வைத்திருக்கிறது. எல்லாப் பிக்காச்சுக்கும் அது ஒன்றுதான். அதை இரண்டால் பெருக்கினால் 180. அதோடு ஐ.வி.யைக் கூட்ட வேண்டும். 0 முதல் 31 வரை ஏதாவது ஓர் எண். உயிரி நம் கைக்கு வரும்போதே அது முடிவாகியிருக்கும். பிறகு ஈ.வி.யை நான்கால் வகுத்து வரும் முழு எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த தொகையை நிலையால் பெருக்கி, 100ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு 5 சேர்த்தால் வேகம் வந்துவிடும். ஒவ்வோர் உயிரிக்கும் விளையாட்டு ஒரு சுபாவமும் கொடுக்கும், அது வேகத்தைத் தொடாததாக இருந்தால் இவ்வளவுதான் கணக்கு. ஐ.வி. 0 என்றால் 95, ஐ.வி. 31 என்றால் 110. பையன் சொன்னது சரி.

ஈ.வி. வேறு வகை. நாம் எதைத் தோற்கடிக்கிறோமோ அதைப் பொறுத்து அது சேரும். சூபாட் என்ற உயிரியை வீழ்த்தினால் வேகத்தில் 1. ஜியோடூட் என்றால் தற்காப்பில் 1. பிக்காச்சுவையே வீழ்த்தினால் வேகத்தில் 2. ஆறு திறன்களுக்கும் சேர்த்து 510தான் உச்சம். ஒரே திறனில் 255 வரை முன்பு ஏறும். 2013இல் வந்த ‘போக்கிமான் எக்ஸ்’, ‘ஒய்’ விளையாட்டுகள் முதல் 252தான். நான்கால் வகுக்கும்போது 255க்கும் 252க்கும் ஒரே விடை, 63, என்பதால் மேலே உள்ள மூன்று எப்போதுமே வீண்தான்.

இப்போது அந்த மெதுவான பிக்காச்சுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.வி. 0. அதற்கு வேகத்தில் 252 ஈ.வி. சேர்த்தால், அதே 50ஆம் நிலையில் வேகம் 126. ஐ.வி. 31 இருந்தும் ஒன்றும் சேர்க்காத மற்றதன் வேகம் அதே 110தான். இரண்டும் வாய்த்தால் 142. இதைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பையனுக்கே ஆச்சரியம். ஐ.வி. நன்றாக இல்லை என்று எத்தனையோ உயிரிகளை அவன் விட்டுவிட்டிருக்கிறான்.

‘மறைமதிப்பு’ எங்கே உடைகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். திரையில் மொத்தத் தொகை மட்டும் தெரிந்த காலத்தில் ஐ.வி., ஈ.வி. இரண்டுமே மறைந்துதான் இருந்தன. அப்படியானால் எது மறைமதிப்பு? ‘மறைமதிப்பு ஒன்று, மறைமதிப்பு இரண்டு’ என்று எழுத முடியாது. அதோடு, மறைவு நிலைக்கவும் இல்லை. எக்ஸ், ஒய்யிலேயே ஈ.வி.யைப் படமாக வரைந்து காட்டிவிட்டார்கள். 2016இல் வந்த ‘சன்’, ‘மூன்’ விளையாட்டுகளில் ஐ.வி. எப்படி இருக்கிறது என்று உயிரிகளைச் சேமித்து வைக்கும் பெட்டியிலேயே பார்த்துக்கொள்ள வழி வந்தது. மறைவு என்பது திரையின் குணம், உயிரியின் குணம் இல்லை. நாளைக்குத் திரை மாறினால் சொல் பொய்யாகிவிடும். மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை வைத்துப் பெயரிட்டால் அது மாறாது.

ஐ.வி.க்குத் ‘தனிமதிப்பு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். ஜப்பானிய மூலத்திலும் ‘தனி உயிரியின் மதிப்பு’ என்ற பொருள்தான், அதனால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் கணக்கில் குறியை நீக்கிய மதிப்பைத் தனிமதிப்பு என்கிறோம். −5இன் தனிமதிப்பு 5 என்று பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் அதே சொல்லை வேறு பொருளில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈ.வி.க்கு ‘முயற்சி மதிப்பு’ சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது, ஆனால் விளையாட்டுகளில் ‘மீண்டும் முயற்சி’ என்பது வேறு வேலைக்கு ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ‘பயிற்சி மதிப்பு’ மோசமில்லை. ஆனால் போக்கிமானில் செய்வது எல்லாமே பயிற்சிதான். நிலை ஏற்றுவதும் பயிற்சி, வித்தை கற்றுக்கொடுப்பதும் பயிற்சி. பொதுச் சொல்லைப் பொதுவாகவே விட்டுவைக்கலாம்.

என் பெரியப்பா வியாசர்பாடியில் மொட்டைமாடியில் ஹோமர் புறா, அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் புறா, வளர்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து இறக்கையை விரித்துக் காட்டி, “இது நல்ல ஜோடியோட குஞ்சு. பொறவியிலயே நல்லாருக்கு. ஆனா இன்னும் பழக்கல” என்றார். பழக்குவது என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் மாடியைச் சுற்றிப் பறக்க விடுவார். அப்புறம் கூடையில் எடுத்துப்போய் எண்ணூரில் விடுவார், பிறகு மீஞ்சூர், பிறகு கும்மிடிப்பூண்டி. பழகப் பழக அது வீடு திரும்பும் வேகமும் கூடும். நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த இரண்டு சொல்லும் அவர் வாயில் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

பிறவி, பழக்கம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவு வந்தது: ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தொடங்கும் பழைய வெண்பா முடிவதும் ‘பிறவிக் குணம்’ என்றுதானே! இது பழகி வருவது, அது கூடப் பிறப்பது என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எடுத்து எழுத வேண்டியதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: இனத்துக்கு உரியது இனமதிப்பு, ஐ.வி. பிறவிமதிப்பு, ஈ.வி. பழக்கப்புள்ளி. கடைசியில் மட்டும் ‘மதிப்பு’ என்று போடாமல் ‘புள்ளி’ என்று போட்டதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டும் கொடுக்கப்பட்டவை. மூன்றாவது ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்ப்பது. சொல்லைக் கேட்டவுடனே சேர்க்க முடிவது எது, முடியாதது எது என்று தெரிந்துவிட வேண்டும். ‘பழக்கம் என்றால் கெட்ட பழக்கம்தான் நினைவுக்கு வரும்’ என்று யாராவது சொல்லக்கூடும். யானையைப் பழக்குகிறோம், காளையைப் பழக்குகிறோம். விலங்கோடு சேரும்போது அந்தச் சொல்லில் கெடுதல் எதுவும் இல்லை.

விளையாட்டில் ‘நேச்சர்’ என்று வரும் சுபாவங்கள் 25 இருக்கின்றன. அவற்றில் 20 ஒரு திறனைப் பத்து விழுக்காடு ஏற்றி இன்னொன்றைப் பத்து விழுக்காடு இறக்கும். அதற்குச் ‘சுபாவம்’ போதும். பிறவிமதிப்போடு குழம்பும் என்பதால் ‘குணம்’ வேண்டாம்.

இன்னொன்று. இனமதிப்புக்குப் பதில் ‘சாதிமதிப்பு’ என்று ஒரு மடலில் இருந்தது. புறாக்காரர்கள் ‘சாதிப் புறா’ என்று சொல்வதை வைத்து எழுதினீர்கள் என்று புரிகிறது, தவறான எண்ணத்தில் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் எழுதும் பத்திரிகையில் சாதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மதிப்பு என்று எழுத நான் சம்மதிக்க மாட்டேன். உயிரியல் பாடத்தில் பேரினம், சிற்றினம் என்று படிக்கிறார்கள். இனம் போதும்.

அன்புடன்,
கொருக்குப்பேட்டையிலிருந்து

பெரம்பூரிலிருந்து வந்த பதில்:

வணக்கம் அம்மா. பழக்கப்புள்ளிக்கு என் முழு ஆதரவு. பிறவிமதிப்பில்தான் ஒரு சிக்கல். என் மகள் விளையாடுவது கைபேசியில் வரும் போக்கிமான் கோ. அதிலும் ஐ.வி. உண்டு, தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றுக்கும் 0 முதல் 15 வரை. ஆனால் தோழியோடு போக்கிமானைக் கைமாற்றிக்கொண்டால் அந்த எண்கள் மாறிவிடுகின்றன. 15 இருந்தது 8 ஆகிவிட்டது என்று அழுதாள். பிறவியில் வந்தது கைமாறினால் மாறுமா? ‘வாய்ப்பு மதிப்பு’ என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும் அல்லவா?

என் மறுமொழி:

நல்ல கேள்வி ஐயா. இரண்டு நாள் யோசித்தேன். சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சன், மூனில் ஒரு விஷயம் என்னைப் பிறவியின் பக்கமே நிற்க வைக்கிறது. அதில் 100ஆம் நிலைக்கு வந்த உயிரிக்கு விளையாட்டில் கிடைக்கும் ‘பாட்டில் மூடி’ என்ற பொருளைக் கொடுத்தால் ஒரு திறனுக்குத் தனிப் பயிற்சி கிடைக்கும். அதன் பிறகு அந்தத் திறனில் 31 இருப்பது போலவே கணக்குப் போடப்படும். ஆனால் அது முட்டையிட்டால் குஞ்சுக்குப் போகக்கூடியது பழைய எண்தான். உள்ளே எழுதியிருப்பது அழியவே இல்லை. இந்த இரண்டில் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு இறங்குவது ஐ.வி. மட்டும், சேர்த்த ஈ.வி.யில் ஒன்றுகூட இறங்காது. பெரியப்பாவின் மாடியிலும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பி வந்த புறாவின் குஞ்சையும் மாடியிலிருந்தேதான் பழக்க ஆரம்பிக்கிறார்.

‘வாய்ப்பு’ என்றால் இந்த இறங்குதல் சொல்லில் வராது. ‘எத்தனை வாய்ப்பு மீதி இருக்கிறது’ என்பது போன்ற பேச்சோடும் குழம்பும். கோ விளையாட்டில் கைமாற்றும்போது நடப்பதை, அந்த உயிரிக்குப் புதிதாக ஒரு பிறவிமதிப்பு விழுகிறது என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். அங்கேயும் அது உழைத்துச் சேர்ப்பதில்லை, விழுவதுதான். கோ-வில் பழக்கப்புள்ளி கிடையாது என்பதால் வேறு குழப்பம் வர வழியில்லை. உங்கள் மகளிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு நெருடினால் எழுதுங்கள், மறுபடி யோசிப்போம்.

பையன் கட்டுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டான். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: “இரண்டு பிக்காச்சுக்கும் இனமதிப்பு ஒன்றுதான், பிறவிமதிப்பு வேறு, மெதுவானதற்கு நான் 252 பழக்கப்புள்ளி சேர்த்தேன், இப்போது அதுதான் முந்துகிறது.” அவன் அக்கா படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைத் தைக்கிறோம். ‘பிறவிமதிப்பு’ என்று சேர்த்து எழுதுவதா, ‘பிறவி மதிப்பு’ என்று பிரித்து எழுதுவதா என்று மட்டும் சனிக்கிழமைக்குள் யாராவது சொல்லிவிடுங்கள்.