அட்வான்சில் 105,000 ரூபா வெட்டினது நியாயமா?

உப்புக்காற்று:
2021 தையில் வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இரண்டு அறை வீடு எடுத்தோம். வாடகை 40,000, ஆறு மாத அட்வான்ஸ் 240,000. போன மாதம் திறப்பைக் கொடுத்தோம். கைக்கு வந்தது 135,000 தான். பெயின்ற் 70,000, யன்னல் கிறில் துரு 25,000, குசினிப் பைப் 10,000 என்று கொப்பித் தாளில் எழுதித் தந்தார் வீட்டுக்காரர். ரசீது ஒன்றும் இல்லை. பைப் எங்கள் கையால் உடைந்தது, அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். மற்றது ஏன் எங்கள் தலையில்?

தெஹிவளை அக்கா:
தம்பி, நானும் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறேன். ஆட்கள் போன பிறகு குசினியைப் பார்த்தால் அழுகை வரும். தாளித்த எண்ணெய் அடுப்பிலிருந்து கூரை வரை மஞ்சளாய்ப் படிந்திருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் பெயின்றுதான் உரிந்து வரும். பெயின்ற் வாளி விலையும் அதை அடிக்க வரும் பாஸின் நாள்கூலியும் 2022க்குப் பிறகு எங்கே போய்விட்டன? எக்ரிமென்ற்றில் 'எடுத்தபடியே திருப்பித் தர வேண்டும்' என்று இருந்தால் அவர் கேட்டது பிழையில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்கா, நாலு வருஷத்துக்கு மேல் ஆட்கள் இருந்த வீட்டுக்கு, சொந்தக்காரரே குடியிருந்தாலும் பெயின்ற் அடிக்கத்தான் வேண்டும். எடுத்தபடியே என்றால் பழசாகாமல் என்று அர்த்தமா? விலை ஏறியதைச் சொல்கிறீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். இவருடைய 240,000 அந்த நேரம் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடந்தது. பெறுமதி தேய்ந்தது யாருடைய காசு?

தெஹிவளை அக்கா:
சரி, அது உண்மை. ஆனால் வாடகையை ஏற்றாமல் விட்டிருந்தால் அவருக்கும் நட்டம்தானே?

உப்புக்காற்று:
2023இல் 55,000 ஆக்கினார், அக்கா. மறுபேச்சில்லாமல் கொடுத்தோம்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தம்பி, முதலில் ரசீது கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், பிரதியை வைத்திருங்கள். மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் வந்து பேச முடியாது, இரண்டு பேரும் நேரே இருந்துதான் பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம். குடி வந்த நாள் எடுத்த படம் ஏதும் இருக்கிறதா?

உப்புக்காற்று:
இருக்கிறது. மனைவி யன்னலோரம் மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். பின்னால் கிறிலின் கீழ்க்கம்பி அப்போதே செம்மண் நிறத்தில் பொருக்கு விட்டிருக்கிறது.

தெஹிவளை அக்கா:
அந்தப் படத்தைக் காட்டினால் நானாயிருந்தாலும் கிறில் காசைத் திருப்பித் தருவேன். குசினிச் சுவரை மட்டும் விடமாட்டேன், தம்பி.

உப்புக்காற்று:
குசினிச் சுவருக்குக் கொடுக்கிறேன், அக்கா. முழு வீட்டுக்கும் கொடுக்க மாட்டேன். கடிதத்தை இன்றிரவே எழுதுகிறேன்.