அப்பம்மா, அப்பா, இப்போது நான்: காது சோதிக்கப் போனவருக்குச் சமநிலைச் சோதனை எதற்கு?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
என் அப்பம்மாவுக்கும், அவருடைய பிள்ளைகளுள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும், நாற்பது வயதைத் தாண்டிய பின்னர் காது சிறிது சிறிதாகக் கேளாமற் போனது. எனக்கு இப்போது 43 வயது. தொலைபேசியில் பேச்சுத் தெளிவில்லாமற் போனதால் சென்ற மாதம் கேட்டற் பரிசோதனை செய்துகொண்டேன். இரு காதுகளிலும் உயர் அதிர்வெண்களில் குறைவு இருக்கிறதாம். அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் வைத்தியர் அத்தோடு நில்லாமல், உட்காதின் சமநிலையையும் சோதிக்கும்படி கடிதம் எழுதித் தந்திருக்கிறார். எனக்குத் தலைச்சுற்று வந்ததே இல்லை. இருட்டிய பின் கடற்கரை மணலில் நடந்தால் கால் தடுமாறும், அவ்வளவுதான். இந்தச் சோதனை தேவைதானா? 17 வயது மகளையும் சோதிக்க வேண்டுமா?

பதில் 1 (ஓடியோலஜிஸ்ட் – கேட்டல் நிபுணர், கொழும்பு):
ஐயா, மணலில் தடுமாறுவதை வைத்தியரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் அவசியம் சொல்லுங்கள். இரு காதுகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் செய்திகள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோதுதான் தலை சுற்றும். இரண்டும் ஒருசேர, மெல்ல மெல்லத் தளர்ந்தால், ஒருமுறைகூடச் சுற்றாமலே சமநிலை குன்றிவிடலாம். பகலில் கண்ணும் பாதத்தின் உணர்வும் அக்குறையை ஈடுசெய்யும். இருளும் மணலும் அவ்விரு துணைகளையும் பறித்துவிடுகின்றன. காலி வீதியில் விரைந்து நடக்கும்போது, எதிரே வரும் பேருந்தின் இலக்கப் பலகை துள்ளுவதுபோல் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஒலியை உணரும் நத்தைச்சுருளும், தலையின் அசைவை உணர்ந்து சமநிலை காக்கும் அரைவட்டக் கால்வாய்களும் உட்காதில் ஒரே எலும்பு உறைக்குள் இருப்பவை. 1998இல் அடையாளம் காணப்பட்ட 'கோச்' (COCH) மரபணுவின் பிறழ்வு இரண்டையும் சேர்த்தே பாதிக்கிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பல குடும்பங்களில், நடுவயதில், உயர் அதிர்வெண்களில் தொடங்கிச் சமநிலையையும் கெடுப்பது அதுதான். உங்களுடையதும் அதுவே என்று நான் சொல்லவில்லை. ஆனால் சமநிலைச் சோதனையின் முடிவு, எந்த மரபணுவை முதலில் தேடுவது என்பதைக் காட்டித் தரும்.

பதில் 2 (தெகிவளையிலிருந்து):
என் அக்காவுக்கு இச்சோதனை நடந்தது. படுக்கவைத்து, ஒவ்வொரு காதிலும் முதலில் 30 பாகை, பின்னர் 44 பாகை வெப்பமுள்ள நீரைச் செலுத்தி, கண்களின் அசைவைக் கருவியால் பதிந்தார்கள். கூட இருந்தவர்களெல்லாம் தலை சுற்றி வாந்தி வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அவருக்கோ ஒன்றுமே ஆகவில்லை. நல்ல செய்தி என்று மகிழ்ந்து வீடு திரும்பினோம். நல்ல உட்காதாக இருந்தால் அந்நீருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், சுற்றாமல் இருந்ததே குறை என்பது அறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது! தலைச்சுற்று மாத்திரை ஏதும் எடுப்பவராயின், அதை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று மாலை பார்த்தேன். நின்றால் 101 என்று தெளிவாகத் தெரிகிறது, நடந்தால் எண் ஆடுகிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். மகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில் 1:
போகும்போது, நீர்ச் சோதனையோடு தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் சோதனையும் உண்டா என்று கேளுங்கள். முன்னது ஒவ்வொரு காதிலும் ஒரு கால்வாயை மட்டுமே அளக்கும். பின்னது காதுக்கு மூன்றாக உள்ள ஆறையும் பார்க்கும்.

தந்தையிடமிருந்து மகனுக்கு வந்திருப்பதால், தாய்வழி மட்டுமே கடத்தப்படும் இழைமணி (உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா) வகையாக இருக்க இடமில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் பிறழ்வே போதுமான ஓங்கிய மரபுரிமையாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு உண்டு. மகளுக்கு இப்போது ஒரு கேட்டற் பரிசோதனை போதும். பிற்காலத்தில் ஒப்பிட அது உதவும். மரபணுச் சோதனையை முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியலுக்கென்றே ஓர் அலகு உள்ளது. உங்களிடம் பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்டால், தானும் அறிய வேண்டுமா என்பதை மகள் 18 வயதுக்குப் பின் தானே தீர்மானிக்கட்டும்.

உங்கள் சோதனைகள் முடியும்வரை இருட்டில் கடலில் இறங்காதீர்கள். நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்ற உணர்வே தப்பிவிடக்கூடும். எந்த வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாலும், உட்காதைப் பாதிக்கக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லியான ஜென்டமைசின் ஊசி போடுமுன் குடும்பத்தின் காதுக் கதையைச் சொல்லிவிடுங்கள்.