உங்கள் சர்வரில் இருக்கும் ஏஐஎஸ்சி மேனுவல் எத்தனையாவது எடிஷன்?

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வேலைகளுக்கு ஸ்டீல் டீடெயிலிங் (இரும்புக் கட்டட உறுப்புகளுக்கான தயாரிப்பு வரைபடம்) பண்ணுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். நான் செக்கராக, அதாவது வரைபடங்களைச் சரிபார்ப்பவனாக, போய்ச் சேர்ந்த ஒரு அலுவலகத்தில் ஏஐஎஸ்சி (அமெரிக்க ஸ்டீல் கட்டுமான அமைப்பு) மேனுவலின் 13ஆவது எடிஷன் ஸ்கேன்தான் வேதம், யாரோ எப்போதோ போட்டுவைத்த கோப்பு. அதில் 1 அங்குல போல்ட்டுக்கு ஸ்டாண்டர்டு ஹோல் (போல்ட் நுழையும் வழக்கமான துளை) 1-1/16 அங்குலம், ஆனால் 2016 ஸ்பெசிஃபிகேஷனிலிருந்து அது 1-1/8. முக்கால் அங்குல போல்ட்டுக்கு அதே பழைய 13/16தான், நமக்கு முக்கால்வாசி வேலை அந்த போல்ட்டில்தானே, அதனால் யார் கண்ணிலும் படவே இல்லை. 1 அங்குல போல்ட் போட்ட கனமான பிரேசிங் (சாய்வுத் தாங்கிகள்) உள்ள ஒரு வேலை வந்தபோதுதான் செக்கிங்கில் மாட்டியது. மேனுவலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சரி. ஆனால் 360 ஸ்பெசிஃபிகேஷன் (டிசைன் விதிகள்), 303 கோட் ஆஃப் ஸ்டாண்டர்டு பிராக்டிஸ் (தொழில் நடைமுறை விதிகள்), ஷேப்ஸ் டேட்டாபேஸ் எக்செல் (செக்ஷன் அளவுகள்) மூன்றையும் ஏஐஎஸ்சி தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதைக்கூடச் செய்யாமல் ஏன் இப்படி?

பதில் 1:
சார், நான் எரெக்‌ஷன் டிராயிங் (தளத்தில் ஸ்டீலை நிறுத்துவதற்கான வரைபடம்) பக்கம். கேனபி காலம் (முகப்புக் கூரையின் தூண்) ஒன்றுக்கு டிசைன் டிராயிங்கில் இரண்டே ஆங்கர் ராட் (தூணைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் கம்பி) காட்டியிருந்தார்கள், டீடெயிலரும் அப்படியே மாடல் பண்ணிவிட்டார். ஓஷாவின் (அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை) சப்பார்ட் ஆர் விதிப்படி ஒவ்வொரு காலத்துக்கும் குறைந்தது 4 வேண்டும், 300 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன போஸ்டுகள் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஆர்எஃப்ஐ (எழுத்தில் விளக்கம் கேட்கும் கடிதம்) போட்டோம், இன்ஜினியர் மறுபேச்சில்லாமல் நாலாக்கினார். கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் கதையே வேறு. அந்த விதியும் இலவசம்தான், எல்லாம் சேர்த்துச் சில பக்கம்.

பதில் 2:
எங்கள் லீட் புதுப் பசங்களை டெக்லா (3டி மாடலிங் மென்பொருள்) பக்கம் விடுவதற்கு முன்னாலேயே கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் நடைபாலம் விழுந்ததைப் போர்டில் வரைந்து காட்டிவிடுவார். 1981. நாலாவது மாடி நடைபாலமும் இரண்டாவது மாடிப் பாலமும் ஒரே ராடில் தொங்க வேண்டியது, ஷாப் டிராயிங்கில் (தயாரிப்பு வரைபடம்) இரண்டு ராடாக மாறியது, மேல்பாலத்து பீமுக்கு அடியில் இருந்த நட் இரண்டு பாலத்தின் சுமையையும் தாங்க வேண்டியதாகிவிட்டது. 114 பேர் இறந்தார்கள். போன மாதம்கூட ஒரு ஃபேப்ரிகேட்டர் (ஸ்டீலை வெட்டித் தயாரிப்பவர்), பீம் இணைப்பில் ஷியர் டேபை எண்ட் பிளேட்டாக மாற்றிவிடுங்கள், எழுத்தில் எல்லாம் வேண்டாம் என்று ஃபோனிலேயே சொன்னார். ஆர்எஃப்ஐக்குப் பதில் வரும்வரை லீட் மாடலைத் தொட விடவில்லை. அந்த ஆள் கத்தினார், கத்தட்டும்.

பதில் 3:
உள்ளூர் வேலை பண்ணுகிறவர்களுக்கும் இதே கதைதான் அண்ணா, இன்னும் 1989 ஐஎஸ் 808 (ஸ்டீல் செக்ஷன் அளவுகளுக்கான இந்தியத் தர விதி) வைத்துக்கொண்டு செக்‌ஷன் தேடுகிறார்கள். 2021இலேயே புதுசு வந்துவிட்டது, பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) தளத்தில் பதிவு செய்தால் இலவசம். ஸ்டீல் டிசைனுக்கான ஐஎஸ் 800:2007ஐயும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்பில் திருத்தங்கள் இருக்காது.