கணக்கிட்ட மதிப்பை ஆப்ஜெக்டிலேயே சேமிக்க: எல்ஆர்யூ கேச்சா, கேச்டு பிராப்பர்ட்டியா?

கேள்வி

வணக்கம். பைத்தான் 3.11-இல் பேருந்துத் தடங்களைக் கையாளும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். 'தடம்' என்னும் கிளாஸில் ஜிபிஎஸ் புள்ளிகளின் லிஸ்ட் ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த புள்ளிகளின் தொலைவை பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் ஹாவர்சைன் சூத்திரப்படி கூட்டி, தடத்தின் மொத்த நீளத்தை ஒரு பிராப்பர்ட்டி தருகிறது. தடங்களை வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் அறிக்கையில் அச்சிடவும் அந்த நீளம் தேவைப்படுவதால் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒருமுறை கணக்கிட்ட விடையை வைத்திருந்து திருப்பித் தரும் எல்ஆர்யூ கேச்சை, அளவு வரம்பில்லாமல், அதன்மேல் போட்டதும் வேகம் கூடியது. ஆனால் தொடர்ந்து ஓடும் சர்வரில் நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது. வேலை முடிந்த தடங்களும் நீங்குவதில்லை. கேச்டு பிராப்பர்ட்டிக்கு மாறினால் இது தீருமா?

பதில் 1

தீரும். எல்ஆர்யூ கேச்சை ஒரு மெத்தடின்மேல் போட்டால், அந்தக் கேச் ஆப்ஜெக்டுக்கு ஒன்றாக இருப்பதில்லை. கிளாஸ் முழுவதற்கும் ஒன்றே இருக்கும். அதில் சாவியாகச் சேர்வது 'செல்ஃப்', அதாவது உங்கள் தடம். கேச் அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை, வேறு யாரும் அந்தத் தடத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் அது நினைவகத்தை விட்டுப் போகாது. இயல்பான வரம்பான 128-ஐ வைத்திருந்தால் ஏற்றம் ஓரளவில் நின்றிருக்கும். ஆனால் 129-ஆவது தடம் வந்ததும் பழையதொன்றின் நீளம் வெளியேறி, அதற்கான கணக்கு மறுபடியும் ஓடும்.

பைத்தான் 3.8-இல் வந்த கேச்டு பிராப்பர்ட்டி, முதல் அழைப்பில் கிடைத்த விடையை அந்த ஆப்ஜெக்டின் சொந்த டிக்‌ஷனரியில் அதே பெயரில் எழுதிவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பெயரைக் கேட்கும்போது பைத்தான் டிக்‌ஷனரியில் உள்ளதையே எடுத்துத் தருவதால், உங்கள் ஃபங்ஷன் அழைக்கப்படுவதே இல்லை. ஆப்ஜெக்ட் மறையும்போது விடையும் கூடவே மறைகிறது.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் இதைவிட முக்கியமாக நான் கருதும் ஒன்றைக் கேட்கிறேன்: நீளத்தைக் கணக்கிட்ட பிறகு அந்த லிஸ்டில் புள்ளி சேருமா? சேர்ந்தால் கேச்டு பிராப்பர்ட்டிக்கு அது தெரியாது. பழைய நீளத்தையே தொடர்ந்து தரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 'டெல்' கொடுத்துச் சேமித்த மதிப்பை நீக்கலாம் என்பது உண்மைதான். லிஸ்டையே மாற்றி வைக்கும்போது செட்டர் ஒன்றில் (அப்படி மாற்றும்போது ஓடும் ஃபங்ஷனில்) அதைச் செய்யலாம். ஆனால் யாரோ வெளியிலிருந்து நேரடியாக லிஸ்டில் 'அப்பெண்ட்' செய்து புள்ளி சேர்த்தால் அந்தச் செட்டர் வழியே எதுவும் போவதில்லை. வேகக் குறைவு உடனே கண்ணில் படும், தவறான நீளமோ அறிக்கையில் அச்சாகி வெளியே போன பிறகுதான் தெரியவரும் என்பதால், புள்ளிகளை டப்பிளாக (லிஸ்ட் போன்றது, ஆனால் மாற்ற முடியாதது) மாற்றி, தடத்தை உருவாக்கிய பின் மாறாத ஆப்ஜெக்டாக வைப்பதையே வலியுறுத்துவேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கோப்பைப் படிக்கும்போது மட்டுமே புள்ளிகள் சேர்கின்றன. ஆகவே டப்பிளுக்கு மாற்றத் தடையில்லை. ஃப்ரோசன் டேட்டாகிளாஸாக (உருவாக்கிய பின் புலங்களை மாற்றவிடாத கிளாஸாக) எழுதினால் கேச்டு பிராப்பர்ட்டி இயங்குமா? ஒரே தடத்தை, நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்கள் படிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில் 3

ஃப்ரோசன் டேட்டாகிளாஸில் இயங்கும். மதிப்பு நேரே டிக்‌ஷனரியில் எழுதப்படுவதால் ஃப்ரோசன் தடை குறுக்கிடுவதில்லை. ஆப்ஜெக்டின் புலங்களை முன்கூட்டியே நிர்ணயித்துவிடும் ஸ்லாட்ஸை மட்டும் இயக்காதீர்கள்: அப்போது டிக்‌ஷனரியே இல்லாமல் போய், முதல் அழைப்பிலேயே டைப்எரர் என்ற பிழை வரும்.

த்ரெட்களைப் பொறுத்தவரை, 3.11 வரை கேச்டு பிராப்பர்ட்டிக்குள் ஒரு லாக் (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) இருந்தது. அது ஆப்ஜெக்டுக்கு ஒன்றாக இல்லாமல் கிளாஸிலுள்ள அந்தப் பிராப்பர்ட்டிக்கே ஒன்றாக இருந்ததால், இரண்டு த்ரெட்கள் வெவ்வேறு தடங்களின் நீளத்தைக் கேட்டாலும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க நேரும். 3.12-இல் அந்த லாக்கை நீக்கிவிட்டார்கள். அந்தப் பதிப்புக்கு மாறினால் ஒரே தடத்தின் கணக்கு எப்போதாவது இருமுறை ஓடக்கூடும். புள்ளிகள் மாறாதவை என்பதால் இரண்டு முறையும் ஒரே விடைதான் வரும், தனியாக லாக் எதுவும் தேவைப்படாது.