கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் அறிவியல் பாடம் கட்டாயமா?

இளவேனில்: கல்லூரியில் எந்தத் துறையை எடுத்தவராயினும் ஓராண்டாவது அறிவியல் படித்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பள்ளியில் நாம் பெறுவது பெரும்பாலும் முடிவுகள்தான். அவற்றை எப்படி எட்டினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று ஆராய அங்கே நேரம் கிடைப்பதில்லை.

அறிவழகன்: இதை நான் ஏற்கவில்லை. இலக்கியம் படிக்க விரும்பி வந்தவரிடம் வெப்ப இயக்கவியல் சூத்திரங்களைத் திணித்தால், தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துவிடுவார்.

இளவேனில்: சூத்திரங்களை நான் கேட்கவில்லை. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் செய்ததைப் பாருங்கள். மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றிய மகப்பேற்றுப் பிரிவில், மருத்துவச்சிகளின் பிரிவைவிட மிக அதிகமான தாய்மார்கள் காய்ச்சலால் இறந்தனர். கூட்ட நெரிசல், பிரசவத்தின்போது படுத்திருக்கும் நிலை என்று சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய அவர், பிணக்கூறாய்வை முடித்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்தவர்களின் கைகளைச் சந்தேகித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்ததும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. நுண்ணுயிர்களால் நோய் உண்டாகிறது என்ற கொள்கை நிலைபெறாத காலம் அது! இந்த ஒரு நிகழ்வை ஊன்றிப் படிக்கும் வணிகவியல் மாணவர், ஒரு காரணத்தை எப்படிச் சோதிப்பது என்று அறிந்துகொள்வார்.

நெய்தல்: என் தரப்பிலிருந்தும் ஒன்று. 1000 பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்கான பரிசோதனை, நோயற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டுவதாகக் கொள்வோம். 1000 பேரைச் சோதித்தால் ஏறத்தாழ 50 பேர் வீணாக அஞ்சுவார்கள். உண்மையில் நோயுள்ளவர் ஒருவரே. படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள்.

அறிவழகன்: அது புள்ளியியல், பொருளியல் வகுப்பிலேயே கற்பிக்கலாம். செம்மல்வெய்ஸ் குறித்தும் ஒரு கேள்வி: அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை; அப்படி மறுத்தவர்கள் படிப்பறிவில்லாதவர்களா? தேர்ந்த மருத்துவர்கள்தாமே?

இளவேனில்: வலுவான கேள்வி. முடிவுகளை மட்டும் கற்றுத் தேர்ந்தவர்கள் புதிய சான்று வரும்போதும் பழைய முடிவையே பற்றிக்கொள்வார்கள் என்பதற்கு அவர்களே சாட்சி. அதனால்தான் ஆய்வகம் வேண்டும் என்கிறேன். ஊசலின் அலைவு நேரத்தைத் தன் கையால் பலமுறை அளந்து, ஒவ்வொரு முறையும் சற்றே வேறு எண் வருவதைக் கண்டவர், தன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று தன்னையே கேட்கப் பழகுவார். வகுப்பில் சொல்லிக் கொடுத்து மட்டும் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

அறிவழகன்: மனப்பாடத் தேர்வு இல்லாமல், செய்முறைப் பதிவேட்டைக் கொண்டே மதிப்பிடப்படும் பாடமென்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. கட்டாயம் என்பதை மட்டும் இன்னும் ஏற்க இயலவில்லை. முதலில் விருப்பப் பாடமாக நடத்திப் பார்க்கட்டும்.